புதுப்பிப்பு: செஸ்னா 172 பிரேக் சிக்கல் தீர்ந்தது

வீட்டு விமான சிமுலேட்டரில் செஸ்னா 172 என்ற சிறிய விமானம் தரையிறங்கியதும் பிரேக் பெடலை லேசாகத் தொட்டாலே மூக்கு குத்தி நின்றுவிடுகிறது, இடப்பக்கமும் இழுக்கிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது சரியாகிவிட்டது.

முதலில் விமானத்தின் அமைப்புக் கோப்பில் பிரேக் பலத்தைப் பாதியாக்கினேன். மூக்கு குத்துவது குறைந்தது, ஆனால் முழுதாக மிதித்தாலும் வண்டி நிற்கவில்லை. இழுப்பும் போகவில்லை. பழைய எண்ணையே திரும்பப் போட்டுவிட்டேன்.

பெடலை மிதிக்காமலே அதன் அளவைப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் வேலை செய்தது. இடது பெடல் சும்மா இருக்கும்போதே 7 சதவீதம் காட்டியது. மறுபடி அளவுதிருத்தம் செய்து, இரண்டு பெடலுக்கும் 10 சதவீதம் டெட் சோன் (அந்த அளவுவரை மிதித்தாலும் பிரேக் பிடிக்காத பகுதி) வைத்ததும் இழுப்பு போனது. அப்புறம் பாதி மிதிக்குக் கால்பங்கு பிரேக் வரும்படி, மிதிக்கும் பிரேக்குக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் வளைகோட்டை மாற்றினேன்.

எதிர்பாராதது ஒன்று: ஜாய்ஸ்டிக் ட்ரிகரிலும் பிரேக் ஒதுக்கப்பட்டிருந்தது. பட்டன் என்பதால் விரல் பட்டாலே முழு பிரேக். அதையும் நீக்கிய பிறகுதான் மூக்கு குத்துவது முழுதாக நின்றது.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோருக்கு: செஸ்னா 172-இன் ஒரு வகையான 172எஸ் கையேட்டின்படி கடல் மட்டத்தில், முழு எடையில், குறுகிய ஓடுபாதை முறையில் தரையோட்டம் (தரை தொட்டதிலிருந்து நிற்கும்வரை ஓடும் தூரம்) 575 அடி, அதாவது சுமார் 175 மீட்டர். எனக்கு இப்போது 190 மீட்டர் வருகிறது. மூக்குச் சக்கரம் தொட்ட பிறகு ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் மடிப்பு) உள்ளிழுத்துவிட்டு மிதியுங்கள். எடை சக்கரத்துக்கு வந்து பிரேக் நன்றாகப் பிடிக்கிறது.