தெருத் தண்ணியை ஏரிக்கு முன்னாடியே செடிக்கால்வாயில் வடிகட்ட முடியுமா? (மடிப்பாக்கம், களிமண்)

ஏரிக்கரைத் தெரு:
எங்கள் தெரு 80 மீட்டர் நீளம், 6 மீட்டர் தார் ரோடு. வாட்டம் முழுக்கப் பூங்காச் சுவர்ப் பக்கம். மழைத்தண்ணி அந்த ஓரமாக ஓடி, வடிகாலில் விழுந்து, ஏரிக்குப் போகிறது. கூடவே மணல், வண்டி ஆயில், ஷாம்பு கவர் எல்லாம். சுவரை ஒட்டி 2 மீட்டர் அகலம், 60 மீட்டர் நீளத்துக்கு மண் தரை சும்மா கிடக்கிறது. அதில் பயோஸ்வேல் (செடி வைத்து மழைத்தண்ணியை வடிகட்டும் கால்வாய்) மாதிரி ஒன்று போடலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு. கீழே களிமண். அந்த 60 மீட்டருக்கு மட்ட வித்தியாசம் 12 செ.மீ. தான். தண்ணி நகருமா, கொசு வருமா, என்ன செடி வைப்பது? தெருவில் தண்ணி தேங்குவது குறையுமா?

வாட்டம்:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: குறையாது. அதைச் சொல்லி சங்கத்தில் காசு வசூலிக்காதீர்கள். 25 மி.மீ. மழைக்கு உங்கள் ரோட்டிலிருந்து சுமார் 10,800 லிட்டர் வரும். கீழே சொல்லும் கால்வாய் பிடிப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஐப்பசியில் ஒரே ராத்திரி 100 மி.மீ. கொட்டினால் மிச்சமெல்லாம் வழிந்து வடிகாலுக்கே போகும், போக வேண்டும். ஆனால் ரோட்டு அழுக்கில் பெரும்பங்கு முதல் மழையோடு அடித்து வரும். மண்டி, ஆயில், பிரேக்கிலிருந்தும் டயரிலிருந்தும் உதிரும் செம்பு, துத்தநாகம் எல்லாம் அதில்தான். அந்தத் தண்ணி மண் வழியாக இறங்கினால் ஏரிக்கு லாபம்.

2 மீட்டருக்குள் அடங்க: அடி அகலம் 50 செ.மீ., ஆழம் 25 செ.மீ., இரு பக்கமும் 3-க்கு 1 சரிவு (3 பங்கு அகலத்துக்கு 1 பங்கு ஆழம்). இதைவிடச் செங்குத்தாக வெட்டினால் முதல் மழையிலேயே கரை சரியும். 500-க்கு 1 வாட்டத்தில் தண்ணியைத் தானாக ஓட விட முடியாது. அதனால் தரையை 15 மீட்டருக்கு ஒரு படியாக, படிக்கு 3 செ.மீ. இறக்கமாக வெட்டி, படி முடிவில் 15 செ.மீ. உயரக் கல்தடுப்பு வையுங்கள். இந்த 3 செ.மீ.யைக் கொத்தனாரின் ரசமட்டத்தை நம்பி விடக் கூடாது, டியூப் லெவல் (தண்ணி நிரப்பிய டியூப்) பிடித்தே தீர வேண்டும்.

அடியில் வடிகுழாய் வேண்டுமா என்பதைத் தண்ணி இறங்கும் வேகம் சொல்லும். கால்வாயின் அடி வரப்போகும் ஆழத்தில் 30 செ.மீ. குழி எடுத்து, ஒருமுறை தண்ணி ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பி அளந்து பாருங்கள். மணிக்கு 12 மி.மீ.க்குக் குறைவாக இறங்கினால் குழாய் போட்டே ஆக வேண்டும். களிமண் என்கிறீர்கள், அநேகமாக அப்படித்தான் வரும். இதே வேலை பெசன்ட் நகர் மணலில் என்றால் குழாய்ச் செலவே கிடையாது.

அடுக்கு கீழிருந்து மேலே: 20 எம்எம் ஜல்லி 20 செ.மீ., அதற்குள் துளையிட்ட 110 எம்எம் பி.வி.சி. குழாய், ஜியோடெக்ஸ்டைல் (தண்ணியை விட்டு மண்ணைப் பிடிக்கும் துணி) சுற்றி. அதன்மேல் 6 எம்எம் சிப்ஸ் (பொடி ஜல்லி) 7.5 செ.மீ., அதற்கும் மேலே மண் கலவை 50 செ.மீ. 60 மீட்டருக்குக் கணக்கு (1 யூனிட் 100 கன அடி): ஜல்லி 3 யூனிட் (கீழ்முனையில் ஆழம் கூடுவதால்), சிப்ஸ் முக்கால் யூனிட், மணல் மூன்றரை, செம்மண் 1, மக்கிய உரம் முக்கால். குழாய்க்கு 200-க்கு 1 வாட்டம் கொடுத்தால் கீழ்முனையில் அது தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் ஆழத்தில் இருக்கும். வடிகாலின் அடி அதைவிடக் கீழே இருக்கிறதா என்று மாநகராட்சி ஆளை வைத்து மூடி திறந்து அளந்துவிட்டு அப்புறம் பொருள் வாங்குங்கள். இல்லையென்றால் மண் கலவையை 40 செ.மீ. ஆக்கலாம், அதற்கும் குறைக்காதீர்கள்.

ஜல்லிமணல்:
மேலே சொன்னதில் ஜியோடெக்ஸ்டைல் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நம்மூர் ரோட்டுத் தூசி மாவு மாதிரி. குழாய்மேல் துணி சுற்றினால் அந்த நைஸ் மண்டி துணியில் அப்பிக்கொண்டு முழுக் கால்வாயும் தொட்டியாகிவிடும், தோண்டாமல் சரிசெய்யவும் முடியாது. சிப்ஸ் அடுக்கே மண்ணைப் பிடித்துவிடும். துணிக் காசில் குழாயின் மேல்முனையை எல்போ (முழங்கை போல வளைந்த இணைப்பு) வைத்துத் தரைக்கு மேலே கொண்டு வந்து மூடி போடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை தண்ணி பாய்ச்சிக் கழுவலாம்.

மணலில்தான் பாதி வேலை கெடும். பூச்சுக்கு விற்கும் பி-சாண்ட் வேண்டவே வேண்டாம். எம்-சாண்ட் என்றாலும் கழுவியதா என்று பாருங்கள்: கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணி, குலுக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். மணலுக்கு மேலே சேறாகப் படியும் பட்டை, மணல் உயரத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். உரமும் அளவோடுதான். செடி செழிக்கட்டும் என்று பச்சைச் சாணத்தை அள்ளிப் போட்டால் வடிகட்டி வரும் தண்ணியிலேயே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கசிந்து ஏரியில் பாசி பிடிக்கும். கலவை போட்டபின் தண்ணி விட்டு அமுக்குங்கள், மேலே ஜேசிபி ஏறக் கூடாது.

இன்னொன்று, கார்த்திகையில் வடிகால் விளிம்பு வரை நிறைந்து நிற்கும்போது தண்ணி குழாய் வழியாகத் திரும்பி வரும். வெளிமுனையில் ஃப்ளாப் வால்வு (தண்ணியை வெளியே மட்டும் விடும் மூடி) போடுங்கள்.

ஏரிக்கரைத் தெரு:
நன்றி சார். ஒரு வீட்டிலிருந்து வாஷிங் மெஷின் தண்ணி தினமும் ரோட்டோரம் வருகிறது. கால்வாயில் சேர்ந்தால் பரவாயில்லையா?

வாட்டம்:
பரவாயில்லை என்று விட்டால் ஆறு மாசத்தில் சாக்கடை. சோப்புத் தண்ணியின் சோடியம் களித்துகளைக் கலைத்து மண்ணின் கண்ணை அடைக்கும். தினமும் ஈரம் இருந்தால் மேலே வழவழவென்று பாசிப்படலம் கட்டும், க்யூலெக்ஸ் கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? அந்தக் குழாயைக் கழிவுநீர் இணைப்பில் சேர்க்கச் சொல்லுங்கள், அது குடிநீர் வாரியத்திடம் போகும் விஷயம். மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம். நீங்கள் சேரப்போகும் வடிகாலை மே மாசம் எட்டிப் பாருங்கள். மழையே இல்லாமல் அதில் கறுப்பாக ஓடினால் யாரோ கழிவுநீரைக் கோர்த்திருக்கிறார்கள். அதை அடைக்காமல் இங்கே செடி வைப்பது வீண்.

பொடுதலை:
செடி பற்றி யாரும் பேசவில்லையே! சென்னையில் கஷ்டம் வெள்ளம் அல்ல, சித்திரை வெயில். மூன்று மாசம் நனைந்து, ஐந்து மாசம் காய்ந்தும் பிழைக்க வேண்டும். அடித்தரையில் பொடுதலையும் அருகம்புல்லும், கரையில் அருகம்புல். 5 மீட்டருக்கு ஒரு வரிசை வெட்டிவேர், குறுக்காக, 15 செ.மீ.க்கு ஒரு தூர். 120 தூர் போதும், வரிசை அடர்ந்ததும் அதுவே தடுப்பு. தண்ணி நுழையும் இடங்களில் கல்வாழை நாலைந்து. சம்பங்கோரை வேண்டாம், வருஷம் முழுக்க ஈரம் கேட்கும், கிடைத்தால் கால்வாயையே விழுங்கும். மர நிழல் விழும் இடத்தில் அருகம்புல் நிற்காது, அங்கே வல்லாரை வைத்து வெயில் காலத்தில் தண்ணி ஊற்றுங்கள். நடவு ஆடியில். புரட்டாசிக் கடைசியில் நட்டால் வேர் பிடிக்குமுன் மழை அடித்துப் போய்விடும்.

தண்ணி நுழைய கர்ப் கல்லில் (ரோட்டோர விளிம்புக் கல்) 45 செ.மீ. திறப்பு, 8 மீட்டருக்கு ஒன்று. உள்பக்கம் ரோட்டைவிட 5 செ.மீ. இறக்கி ஒரு கடப்பாக்கல் பதியுங்கள். அந்த இறக்கம் இல்லாவிட்டால் புல் வளர்ந்து வாயை அடைத்து, தண்ணி நேரே வடிகாலுக்கு ஓடும். வண்டல் கல்மேல் தங்கும், மண்வெட்டியால் வழித்துவிடலாம். பலர் அங்கே சிமென்ட் குழி கட்டுகிறார்கள். கொசு வருவது அதில்தான். ஏடிஸ் முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கால்வாயில் தண்ணி ஒரு நாளில் வடிந்துவிட்டால் பயமில்லை, குழியில் அது வாரக்கணக்கில் நிற்கும்.

புல்லை 10 செ.மீ.க்குக் கீழே வெட்டாதீர்கள். வண்டல் வழிப்பது மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை. மாசியில் மேல் 5 செ.மீ. மண்ணை மாற்றுங்கள், வழித்த மண்ணைக் கீரைப் பாத்தியில் போட வேண்டாம், ரோட்டு உலோகமெல்லாம் அதில்தான் இருக்கும். ஓரமாக இடுப்புயரக் கல் நடாவிட்டால் பைக் நிறுத்துவார்கள், மண் இறுகிப் போகும். எதிர்வீட்டில் கட்டட வேலை ஆரம்பித்து மணல் கொட்டினால், அது முடியும் வரை அந்தப் பக்கத்துத் திறப்புகளை மண் மூட்டை வைத்து அடைத்துவிடுங்கள்.