சால்ட் லேக் சிட்டி நகர மையத்தை மார்மன் சபை கையில் எடுத்தது சரியா?

(இணைய மன்ற விவாதம். வரிக்கணக்கு, செங்கல்சூளை, நடைபாதை, தராசு என்பவை எழுதுபவர்களின் புனைபெயர்கள்.)

வரிக்கணக்கு:
யூட்டா மாநிலத் தலைநகர் சால்ட் லேக் சிட்டியில், மார்மன் சபையின் ஆலய வளாகமான டெம்பிள் ஸ்கொயருக்குத் தெற்கே, 2012 மார்ச் 22 அன்று சிட்டி க்ரீக் சென்டர் திறக்கப்பட்டது. கடைகள், அலுவலகங்கள், அடுக்குமாடி வீடுகள் எல்லாம் சேர்ந்த வளாகம். பணம் போட்டது பிற்காலப் பரிசுத்தவான்களின் சபை, அதாவது நாம் மார்மன் சபை என்று சொல்வது. செலவு சுமார் 150 கோடி டாலர் என்பது பரவலாக வந்த கணக்கு. "சபை இறங்காவிட்டால் நகர மையமே போயிருக்கும்" என்று இங்கே அடிக்கடி எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

நகர மையம் ஊர்ப் பொது. அதில் இரண்டு பெரிய கட்டங்களையும் (கட்டம் என்றால் நான்கு தெருக்களுக்கு நடுவே உள்ள சதுரம்) மூன்றாவதில் ஒரு பகுதியையும் ஒரே உரிமையாளர் வைத்துக்கொண்டால், அவர் வைத்ததுதான் அங்கே சட்டம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு. உணவகங்கள் மட்டும் விருப்பப்பட்டால் திறக்கலாம். வருஷத்துக்கு 52 நாள் ஊரின் முக்கிய வணிக வீதி பாதி உறக்கத்தில் கிடக்கும். பக்கத்திலேயே சால்ட் பேலஸ் மாநாட்டு மையம் இருக்கிறது. திங்கட்கிழமை தொடங்கும் மாநாட்டுக்கு ஆட்கள் ஞாயிறு அன்றுதான் வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு முதலில் தெரிவது பூட்டிய கண்ணாடிக் கதவு.

செங்கல்சூளை:
ஞாயிறு அடைப்பு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்பதையும் சொல்லுங்கள்.

மெயின் ஸ்ட்ரீட்டில் எதிரெதிரே இரண்டு பழைய மால்கள். ஒன்று 1975-இல் வந்த இசட்.சி.எம்.ஐ. சென்டர், மற்றது 1980-இல் வந்த கிராஸ்ரோட்ஸ் பிளாசா. 2001 நவம்பரில், குளிர்கால ஒலிம்பிக்ஸுக்குச் சில மாதம் முன்பு, மேற்கே பழைய ரயில் நிலத்தில் கேட்வே என்ற இன்னொரு வணிக வளாகம் திறந்தது. கூட்டம் அங்கே போனது. கிராஸ்ரோட்ஸில் இருந்த பெரிய கடையான நார்ட்ஸ்ட்ராமும் கேட்வேக்கு மாறப் பார்த்தது.

ஒரு பெரிய கடை போவது என்பது ஒரு கடை போவதோடு நிற்காது. மால் குத்தகைகளில் ஒரு ஷரத்து வழக்கமாக இருக்கும்: இன்ன பெரிய கடை மூடினால், சிறிய கடைக்காரர் முழு வாடகை தர வேண்டியதில்லை, விற்பனையில் ஒரு சதவீதம் தந்தால் போதும்; குறிப்பிட்ட காலத்துக்குள் மாற்றுக் கடை வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு கிளம்பலாம். முதல் கடை போனதும் வாடகை வருமானம் இறங்கும், பராமரிப்பு குறையும், அடுத்த கடை கிளம்பும். இந்தச் சரிவில் இருக்கும் கட்டடத்துக்கு எந்த வங்கியும் புதுக்கடன் தராது.

2003-இல் சபையின் சொத்து நிறுவனம் கிராஸ்ரோட்ஸை வாங்கியது. இசட்.சி.எம்.ஐ. பக்கம் ஏற்கெனவே அவர்கள் வசம். இரண்டையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் திட்டம் அப்படித்தான் சாத்தியமானது. 2007 ஆகஸ்டில் அங்கே நின்ற கீ பேங்க் கோபுரத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அடுத்த வருஷமே அமெரிக்கா முழுக்கக் கட்டுமானக் கடன் உறைந்துபோனது. மால் தொழிலில் பெரும்புள்ளியான ஜெனரல் குரோத் பிராப்பர்ட்டீஸ் 2009 ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது. அந்த நேரத்தில் நகர மையத்தின் நடுவில் தோண்டிய பள்ளத்தோடு ஒரு சாதாரண டெவலப்பர் நின்றிருந்தால், அது பத்து வருஷத்துக்குப் பள்ளமாகவே கிடந்திருக்கும். இங்கே வேலை நிற்கவில்லை. காரணம், வங்கிக் கடனை நம்பிக் கட்டவில்லை.

மால் பகுதியை நடத்த எடுத்துக்கொண்டது டாப்மன் நிறுவனம். நிலம் சபையிடமே இருக்கிறது, டாப்மன் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தது. அவர்கள் போட்டது சுமார் 7.5 கோடி டாலர்தான். மிச்ச ஆபத்து முழுவதும் நிலத்துக்காரர் தலையில்.

நடைபாதை:
பணக்கதை சரி, செங்கல்சூளை. கட்டியது என்ன என்று பார்ப்போம்.

சால்ட் லேக் சிட்டியின் கட்டம் ஒவ்வொன்றும் 660 அடிக்கு 660 அடி, பத்து ஏக்கர். தெருவின் முழு அகலம், நடைபாதைகளையும் சேர்த்து, 132 அடி. போர்ட்லாந்தில் ஒரு கட்டத்தின் பக்கம் 200 அடிதான். நொடிக்கு 4 அடி வேகத்தில் நடப்பவருக்கு ஒரு கட்டத்தின் ஒரு பக்கத்தைக் கடக்கவே 165 நொடி ஆகும். தெருவைக் கடக்க, சிக்னல் கணக்கில் எடுக்கும் 3.5 அடி வேகத்தில், வண்டி ஓடும் அகலம் 90 அடி என்று வைத்தால்கூட 26 நொடி. இப்படிப்பட்ட ஊரில் நடப்பவரைத் தெருவில் நிறுத்தி வைப்பதே பெரும்பாடு. அங்கே போய் மெயின் ஸ்ட்ரீட்டுக்கு மேலே ஒரு பாலம் போட்டார்கள்.

மேல்மாடியில் ஒரு கட்டத்திலிருந்து எதிர்க் கட்டத்துக்கு நேராகப் போகலாம் என்றால் கீழே இறங்குவது யார்? அந்தத் தெருவில் லைட் ரயில் ஓடுகிறது. ரயிலை விட்டு இறங்குபவர்களும் கடைக்கு வருபவர்களும் ஒரே தளத்தில் கலந்தால்தான் தெருமுனைச் சின்னக் கடை பிழைக்கும். வானப் பாலம் வேண்டாம் என்றுதான் நகரத் திட்டமே சொன்னது. இதற்காக அதைத் திருத்தினார்கள். இதே கோரிக்கையை ஒரு சின்ன டெவலப்பர் வைத்திருந்தால் திருத்தியிருப்பார்களா?

செங்கல்சூளை:
பாலத்தை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் கட்டத்தின் அளவைப் பற்றி நீங்கள் சொன்னதே என் வாதத்துக்குத் துணை. பழைய மால்கள் இரண்டும் மூடிய பெட்டிகள். புதிய வளாகம் அந்தப் பெட்டிகளைப் பிளந்து, கட்டத்தின் நடுவே நடைவழிகளை விட்டிருக்கிறது. கூரையும் திறந்து மூடும் கண்ணாடிக் கூரை. வெயில் நாளில் திறந்த தெரு, பனி நாளில் மூடிய கூடம்.

அது எவ்வளவு சிரமமான வேலை என்பதற்கு ஒரு கணக்கு. வளாகத்துக்குக் கீழே 5,000 வண்டிகளுக்கு மேல் நிற்கும் நிலத்தடி நிறுத்தம். அதன் கூரைமேல்தான் மரங்களும் செயற்கை ஓடையும். கார் நிற்கும் தளத்துக்கு அமெரிக்க விதிப்படி சதுர அடிக்கு 40 பவுண்டு சுமை எடுத்தால் போதும். நனைந்த மண் கன அடிக்கு ஏறக்குறைய 120 பவுண்டு. மரத்துக்கு மூன்றடி ஆழம் கொடுத்தாலே சதுர அடிக்கு 360 பவுண்டு, ஒன்பது மடங்கு. அதற்கேற்பத் தூண்களை நெருக்க வேண்டும், நெருக்கினால் கீழே கார் திருப்ப இடம் குறையும். தண்ணீர்க் கசிவு இன்னொரு தலைவலி: கான்கிரீட் விரிந்து சுருங்க விடும் இணைப்புகளில்தான் முதலில் ஒழுகும். ஓடை அதன் மேலே போனால் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க மேலே இருப்பதையெல்லாம் பெயர்க்க வேண்டும். இதையெல்லாம் முன்கூட்டியே செலவழித்துச் செய்ய ஐந்து வருஷத்தில் விற்றுவிட்டுப் போகிறவனுக்கு மனசு வராது.

இன்னொன்று, இசட்.சி.எம்.ஐ. கடையின் 1876-ஆம் ஆண்டு வார்ப்பிரும்பு முகப்பு. அதைத் துண்டு துண்டாகக் கழற்றி, பழுதுபார்த்து, புதுக் கட்டடத்தின் முன்னால் மறுபடி பூட்டியிருக்கிறார்கள். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். வெல்டிங் சூடு பட்டால் பக்கத்திலேயே புது விரிசல் விடும். ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, பெயிண்டை உரித்து, விரிசலைப் பார்த்து, பின்னால் எஃகுச் சட்டம் கொடுத்துத்தான் நிறுத்த முடியும். அந்த முகப்பின் முன்னால் நின்று பார்த்தால் தூணின் மேல்முனை இலை வேலைப்பாடு இன்னும் கூர்மையாக இருக்கிறது.

தராசு:
பணம் எங்கிருந்து வந்தது என்பதில் இரு பக்கமும் அரைகுறையாகப் பேசுவதால் சொல்கிறேன். 2003 ஏப்ரலில் சபைத் தலைவர் கார்டன் பி. ஹிங்க்லி, இந்தச் சொத்தை வாங்கவோ வணிகத்துக்காக மேம்படுத்தவோ தசமபாகம் (உறுப்பினர்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்காகத் தரும் காணிக்கை) பயன்படாது, சபையின் வணிக நிறுவனங்களின் வருமானமும் சேமநிதி முதலீட்டின் ஈட்டுத்தொகையும்தான் பயன்படும் என்றார். ஆனால் அந்தச் சேமநிதியே தசமபாகத்தில் ஒதுக்கி வைத்தது. "முதல் வேறு, வட்டி வேறு" என்பது சபையின் நிலை. விசுவாசி ஒருவர் காணிக்கை உறையில் பணம் வைக்கும்போது அப்படிப் பிரித்துப் பார்ப்பாரா என்பது நியாயமான கேள்வி.

சபையின் முன்னாள் உறுப்பினர் ஜேம்ஸ் ஹன்ட்ஸ்மன் இதை வைத்து வழக்குப் போட்டார். 2025 ஜனவரியில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் விரிவுபட்ட அமர்வு சபைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது: சொன்ன ஆதாரத்திலிருந்துதான் பணம் போயிருக்கிறது, மோசடி இல்லை. அது தனி. 2023 பிப்ரவரியில் பங்குச்சந்தை ஆணையம் சபையின் முதலீட்டு நிறுவனமான என்சைன் பீக்கிடம் 40 லட்சம் டாலரும் சபையிடம் 10 லட்சம் டாலரும் அபராதம் வாங்கியது வேறு விஷயம். அது பங்கு முதலீடுகளைப் பெயரளவு நிறுவனங்களின் பெயரில் காட்டியதற்காக. மால் கட்டியதற்காக அல்ல. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

சொத்துவரி பற்றியும் ஒரு வரி. யூட்டா அரசியலமைப்பில் வரிவிலக்கு, வழிபாடு, தர்மம், கல்வி ஆகியவற்றுக்கு மட்டுமே பயன்படும் சொத்துக்குத்தான். மாலுக்குச் சொத்துவரி உண்டு.

வரிக்கணக்கு:
தராசு சொன்னதை ஏற்கிறேன். மோசடி என்று நான் சொல்லவில்லை. என் குறை பணத்தில் இல்லை, அதிகாரத்தில்.

1999-இல் நகராட்சி, நார்த் டெம்பிள், சவுத் டெம்பிள் என்ற இரு தெருக்களுக்கு இடையிலான மெயின் ஸ்ட்ரீட் துண்டை 81 லட்சம் டாலருக்குச் சபைக்கு விற்றது. பொதுமக்கள் நடக்கும் உரிமையை நகராட்சி வைத்துக்கொண்டது. ஆனால் அங்கே புகைபிடிக்கக் கூடாது, போராடக் கூடாது, துண்டறிக்கை கொடுக்கக் கூடாது என்று நிபந்தனை. 2002-இல் பத்தாவது வட்டார நீதிமன்றம் "நடக்கும் உரிமை இருக்கும்வரை பேச்சுரிமையும் இருக்கும்" என்றது. அதற்கு நகராட்சி கண்ட தீர்வு என்ன? அடுத்த வருஷம் நடக்கும் உரிமையையே விட்டுக்கொடுத்து, பதிலுக்கு மேற்குப் பகுதியில் சமுதாயக் கூடத்துக்கு நிலம் வாங்கிக்கொண்டது. ஏழைப் பகுதிக்கு ஒரு கூடம் கிடைத்தது நல்லதுதான். ஆனால் தெரு போனது போனதுதான்.

கேட்வே கதையையும் பாதியில் நிறுத்திவிட்டீர்கள், செங்கல்சூளை. அது நகராட்சியின் மறுமேம்பாட்டு முகமை, இடத்தின் மதிப்பு ஏறுவதால் கூடுதலாக வரும் சொத்துவரிப் பணத்தில் கைகொடுத்து வளர்த்த இடம். சிட்டி க்ரீக் திறந்த 2012-இலேயே ஆப்பிள் கடை அங்கிருந்து இங்கே மாறியது. அதன்பின் ஒவ்வொன்றாகக் கிளம்பி, 2016-இல் கேட்வே வேறு கைக்குப் போய், பொழுதுபோக்கு இடமாக உருமாற வேண்டியதாயிற்று. கொஞ்ச தூரத்துக்குள் ஒரே வாடிக்கையாளரை இங்கிருந்து அங்கே இழுத்ததை எப்படி முழுக்க "மீட்பு" என்பது?

செங்கல்சூளை:
கேட்வே விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் முதலில் மெயின் ஸ்ட்ரீட்டிலிருந்து இழுத்தது கேட்வே, அதுவும் பொதுப் பணத்தின் துணையோடு. அதையும் அதே கணக்கில் எழுதுங்கள். கடைகள் இடம் மாறின, உண்மை. ஆனால் அந்த வளாகத்து அடுக்குமாடிகளில் குடியேறியவர்கள் யாரிடமிருந்தும் பறித்து வந்தவர்கள் இல்லை. இரவில் விளக்கெரியும் வீடு இருந்தால்தான் மளிகைக்கடை நிற்கும். ஹார்மன்ஸ் அங்கே கடை போட்டதே அதனால்தான்.

நடைபாதை:
வீடுகள் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன்.

இப்போது அதே பகுதியில் அடுத்த பெரிய திட்டம் நடக்கிறது. டெல்டா சென்டர் அரங்கைச் சுற்றிய விளையாட்டு, பொழுதுபோக்கு வட்டாரத்துக்காக 2025 ஜனவரி முதல் விற்பனை வரியை 0.5 சதவீதப் புள்ளி ஏற்றியிருக்கிறார்கள். நகராட்சியின் பங்கு 90 கோடி டாலர் வரை போகலாம். இந்த முறை பணம் மக்களுடையது, ஆகவே நிபந்தனை வைக்கும் உரிமையும் மக்களுடையது. சிட்டி க்ரீக்கில் கேட்கத் தவறியதைப் பத்திரத்தில் எழுதி வாங்க வேண்டும்: 660 அடிக் கட்டத்தின் நடுவே குறைந்தது ஒரு திறந்த நடைவழி, வாரத்தில் ஏழு நாளும், நள்ளிரவு வரை, அதில் நிற்கவும் பேசவும் துண்டறிக்கை கொடுக்கவும் தடை இல்லை என்று நிலப் பதிவேட்டிலேயே ஏற்றியிருக்க வேண்டும், உரிமையாளர் மாறினாலும் செல்லும்படி. மேலே பாலம் கிடையாது. தரைத்தளக் கடைகளின் வாசல் தெருப்பக்கம் திறக்க வேண்டும், உள்முற்றத்துப் பக்கம் மட்டும் திறந்தால் போதாது.

வரிக்கணக்கு:
நள்ளிரவு வரை என்பதோடு, அந்த வழியைப் பெருக்குவதும் பனி வாருவதும் யார் செலவு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அதை எழுதாமல் விட்டால், பராமரிப்புச் செலவைக் காரணம் காட்டி ஐந்தாவது வருஷம் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.