அப்டேட் நடுவில் கரண்ட் போச்சு, உபுண்டு பூட் ஆகமாட்டேங்குது

மொட்டைமாடி:
நேத்து ராத்திரி உபுண்டு 22.04-ல (லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம்) அப்டேட் ஓடும்போது கரண்ட் போயிடுச்சு. டெஸ்க்டாப், யூபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாசம். இப்போ ஆன் பண்ணினா கறுப்புத் திரையில 'கெர்னல் பானிக்', கூடவே 'அன்நோன்-பிளாக்(0,0)'. ஹார்ட் டிஸ்க் போயிடுச்சா? அம்மாவோட பென்ஷன் பேப்பர் ஸ்கேன் எல்லாம் அதுலதான்.

சுண்டெலி:
பென்டிரைவ்ல ஐஎஸ்ஓ ஏத்தி ஃபார்மட் போடுங்க. அரை மணி நேர வேலை.

பழையசோறு:
ஐயோ, ஃபார்மட் வேண்டாம். பென்ஷன் பேப்பர்னு அவர் சொன்னதைப் படிச்சீங்களா?

மொட்டைமாடி, டிஸ்க் போயிருக்க வாய்ப்பு குறைவு. புது கெர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி) /பூட்-ங்கிற ஃபோல்டருக்குள்ள வந்துடுச்சு, அதுக்கான இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு (பூட் ஆகும்போது கெர்னலுக்கு உதவுற சின்னத் தொகுப்பு) உருவாகறதுக்குள்ள கரண்ட் போயிருக்கும். அது கடைசியிலதான் தயாராகும். அது இல்லாம ரூட் பகுதியை (சிஸ்டம் கோப்பெல்லாம் இருக்கிற டிஸ்க் பகுதி) கெர்னலால மவுன்ட் பண்ண, அதாவது திறந்து படிக்க முடியாது, அதான் அந்த 0,0.

பழைய கெர்னல் உள்ளேயே இருக்கும். ஆன் பண்ணினதும் எஸ்கேப்பை ஒரே ஒரு தடவை தட்டுங்க (பழைய பயாஸ்னா ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிக்கணும்). க்ரப் மெனு (எந்த கெர்னல்ல பூட் பண்ணணும்னு கேக்குறது) வரும். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் புதுசுக்கு அடுத்த பழைய கெர்னல் பதிப்பை எடுங்க. உள்ளே போனதும் முதல் வேலை, ஸ்கேனை எல்லாம் பென்டிரைவுக்கு நகல் எடுங்க. அப்புறம் பாதியில நின்ன அப்டேட்டை முடிக்க, டெர்மினல்ல:
சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ

மொட்டைமாடி:
பழைய கெர்னல்ல வந்துடுச்சு அண்ணா! நகல் எடுத்துட்டேன். ஆனா அந்த கட்டளை 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'னு நிக்குது. டிஸ்க்ல 200 ஜிபி காலி இருக்கே?

பழையசோறு:
இன்ஸ்டால் பண்ணும்போது டிஸ்க்கை என்க்ரிப்ட் பண்ணியிருப்பீங்க. அப்போ /பூட் தனிச் சின்னப் பகுதி, பழைய கெர்னலா சேர்ந்து அது நிரம்பியிருக்கும். எவ்வளவு நிரம்பியிருக்குன்னு 'டிஎஃப் -ஹெச் /பூட்' போட்டுப் பாருங்க. 'யூநேம் -ஆர்' கட்டளை காட்டுற கெர்னல் பதிப்பைத் தொடாதீங்க, இப்போ அதுலதான் ஓடுது. அதைவிடப் பழைய ஒரு பதிப்பை மட்டும் எடுத்துடுங்க: 'சுடோ டிபிகேஜி --பர்ஜ்' போட்டு, அந்தப் பதிப்போட லினக்ஸ்-இமேஜ், லினக்ஸ்-மாடியூல்ஸ்-எக்ஸ்ட்ரா ரெண்டு பேக்கேஜ் பேரையும் ஒரே வரியில கொடுங்க. தனித்தனியா கொடுத்தா ஒண்ணு இன்னொண்ணைக் கட்டிப் பிடிச்சுக்கும். அரைகுறையா நிக்கிற இந்த நிலையில வழக்கமா நீக்கப் பயன்படுத்துற 'ஏபிடி பர்ஜ்' முரண்டு பிடிக்கும், அதான் டிபிகேஜி.

அப்புறம் திரும்ப அந்த கான்ஃபிகர் கட்டளை, அடுத்து விடுபட்டதைச் சரிசெய்ய 'சுடோ ஏபிடி -எஃப் இன்ஸ்டால்'.

மொட்டைமாடி:
/பூட் 100% நிரம்பியிருந்தது. ஒண்ணை எடுத்ததும் 72%. கான்ஃபிகர் முழுசா ஓடி முடிஞ்சு, ரீஸ்டார்ட் பண்ணினா புது கெர்னல்லயே வந்துடுச்சு.

சுண்டெலி:
நான் இப்படி மூணு தடவை ஃபார்மட் போட்டிருக்கேன் 🙂