"பெரும் உயிர் மாற்றம்" வேண்டாம், "நெடில் பெரும்பெயர்ச்சி" என்போம்

வணக்கம். ஆங்கில உச்சரிப்பு வரலாற்றில் கிரேட் வவல் ஷிஃப்ட் (Great Vowel Shift) எனப்படும் மாற்றத்துக்குத் தமிழில் நீங்கள் சொன்ன "பெரும் உயிர் மாற்றம்" எனக்கு உடன்பாடில்லை. எந்த மொழியில் எந்த உயிர் எப்படி மாறினாலும் அதை உயிர் மாற்றம் எனலாமே! இங்கே நடந்தது வேறு.

ஏறக்குறைய 1400க்கும் 1700க்கும் இடையில் ஆங்கில நெடில்கள் வரிசையாக இடம்பெயர்ந்தன. வாயில் நாக்கு எழும் உயரத்தைக் கவனித்தால் புரியும், ஒவ்வொன்றும் மேல்நோக்கி ஏறியது. பல்லுக்கான டோத் டூத் ஆனது, அதன் பன்மை டேத் டீத் ஆனது, பெயருக்கான நாம படிப்படியாக நேம் ஆனது. ஏற்கெனவே உச்சியில் இருந்த ஈயும் ஊவும் மேலே போக இடமில்லாமல் ஐ, ஔ என்று கூட்டுயிராகிவிட்டன (ஈருயிர் சேர்ந்த ஒலி). எலிக்கான மூஸ் மௌஸ் ஆயிற்று, மீஸ் மைஸ் ஆயிற்று. ஷிப், பெட் போன்ற சொற்களின் குறில்கள் இதில் சேரவே இல்லை. ஆகவே "உயிர்" என்பது மிகை, "நெடில்" என்பதே சரி. நம் இலக்கணத்தில் இந்தச் சொல் தயாராக இருக்கும்போது ஏன் விட வேண்டும்?

அப்புறம் "பெயர்ச்சி". சனிப்பெயர்ச்சி நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் தயங்கினார். வரட்டும், ஒரு வீட்டை விட்டு அடுத்த வீட்டுக்குப் போவதுதானே இங்கும் நடந்தது! "நெடில் நகர்த்தல்", "நெடில் தள்ளல்" போன்ற பெயர்களில் வேறு சிக்கல் உண்டு, ஒன்றை இன்னொன்று தள்ளியது என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடும். மேலே இருந்தவை முதலில் விலகிக் கீழுள்ளவற்றை இழுத்தனவா (1909இல் இதற்குப் பெயர் வைத்த டென்மார்க்கு அறிஞர் யெஸ்பர்சனின் கருத்து), கீழிருந்து வந்தவை மேலே இருந்தவற்றைத் தள்ளினவா (ஆஸ்திரிய மொழியியலாளர் லூயிக்கின் கருத்து) என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எனக்கு லூயிக் பக்கம்தான் சாய்வு. வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஓ முன்பே நாக்கின் முன்பக்கம் போய்விட்டதால் ஊவைத் தள்ள ஆளில்லை, அங்கே வீட்டை இன்றும் ஹௌஸ் என்னாமல் ஹூஸ் என்பவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் கலைச்சொல் ஒரு கட்சியைச் சேரக் கூடாது. பெயர்ச்சி இரண்டுக்கும் பொது. இரு கருத்துகளுக்கும் தனியே இழுதொடர், தள்ளுதொடர் என்று வைத்துக்கொள்ளலாம்.

"பெரு" எங்கே வருவது என்பதையும் பார்க்க வேண்டும். முன்னால் போட்டால் "பெருநெடில்" என்று ஏதோ மூன்று மாத்திரை எழுத்து இருப்பதுபோல் படும். அதனால் நெடில் பெரும்பெயர்ச்சி. ஜெர்மானிய மொழிகளில் மெய்யொலிகள் வரிசையாக மாறியதைக் கிரிம் விதி சொல்கிறது, அந்த மாற்றத்தை மெய்ப்பெயர்ச்சி என்றால் இரண்டும் இணையாகவும் நிற்கும்.