கன்டெய்னரில் நனைந்த பின்னலாடைகள்: வழக்குத் தொடுக்க ஓராண்டா, ஒன்பது மாதமா?

நொய்யல்கரை:
அனைவருக்கும் வணக்கம். திருப்பூரிலுள்ள எங்கள் கிடங்கிலிருந்து தூத்துக்குடி வழியாக ஹாம்பர்க்குக்கு 400 பெட்டி பின்னலாடைகளை சி.ஐ.எஃப். முறையில் (காப்பீட்டுச் செலவும் கப்பல் கட்டணமும் விற்பவர் பொறுப்பு) அனுப்பினோம். மேலடுக்குப் பெட்டிகள் நனைந்திருப்பதைக் கண்ட வாங்குபவர் அன்றே எழுத்தில் தெரிவித்து, சர்வேயும் (சேத ஆய்வு) எடுத்து, விலையில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார். சரக்கை அவர் பெற்று ஏழு மாதங்கள் கடந்துவிட்டன. காப்பீட்டு நிறுவனம் ஆவணங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சரக்கை அனுப்பும் ஏற்பாட்டை ஏற்ற ஃபார்வர்டரோ, கன்டெய்னருக்குள் இருந்ததற்குத் தாம் பொறுப்பல்ல என்கிறார். கப்பல் சரக்கு வழக்குக்கு ஓராண்டு அவகாசம் உண்டு என்று சொல்கிறார்களே, காப்பீட்டின் முடிவு வரும்வரை காத்திருக்கலாமா?

முத்துநகர்:
காத்திருக்க வேண்டாம் ஐயா. ஓராண்டு என்பது கடல்வழிச் சரக்குச் சட்டத்தின் வரம்பு. 1925-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2025-இல் இயற்றப்பட்ட சட்டத்திலும் அதுவே தொடர்கிறது. ஆனால் ஃபார்வர்டர் கொடுத்த ஆவணத்தின் தலைப்பு என்ன, சரக்கைப் பெற்ற இடமாகத் திருப்பூர் குறிக்கப்பட்டுள்ளதா, பெட்டிகளின் எண்ணிக்கை எழுதப்பட்டுள்ளதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

நொய்யல்கரை:
‘மல்டிமோடல் டிரான்ஸ்போர்ட் டாகுமென்ட்’ (பல்வகைப் போக்குவரத்து ஆவணம்) என்று இருக்கிறது. பெற்ற இடம் திருப்பூர். ‘ஒரு கன்டெய்னர், 400 பெட்டிகள் இருப்பதாகச் சொல்லப்படுகிறது’ என்றும் எழுதியிருக்கிறார்கள்.

முத்துநகர்:
நான் அஞ்சியது இதைத்தான். சாலையும் கடலும் சேர்ந்த ஒரே ஒப்பந்தமாக இருப்பதால், உங்களுக்கும் ஃபார்வர்டருக்கும் இடையே 1993-ஆம் ஆண்டுப் பல்வகைப் போக்குவரத்துச் சட்டம் குறுக்கே வருகிறது. சரக்கை வாங்குபவரிடம் ஒப்படைத்த நாளிலிருந்து ஒன்பது மாதங்களுக்குள் நடவடிக்கை தொடங்கப்படாவிட்டால் அவருடைய பொறுப்பு அற்றுப்போகும் என்கிறது அச்சட்டம். வக்கீல் நோட்டீஸோ மின்னஞ்சலோ இதற்குப் போதாது. அவர் அவகாச நீட்டிப்புக் கடிதம் கொடுத்தாலும் அதை மட்டும் நம்பியிராமல், இந்த மாதமே கடல்சார் வழக்கறிஞரைப் பார்த்து மனுவைத் தாக்கல் செய்யுங்கள். கெடு தவறினால், ஃபார்வர்டரிடம் மீட்கும் உரிமையை நீங்களே இழக்கச் செய்தீர்கள் என்று காப்பீட்டு நிறுவனமும் உங்கள் தொகையில் கை வைக்கக்கூடும்.

பெட்டி எண்ணிக்கை ஆவணத்தில் இருப்பது உங்களுக்குப் பெரிய பலம். மதிப்பை முன்கூட்டியே அறிவித்து ஆவணத்தில் எழுதாத சரக்குக்குப் பொறுப்பின் உச்சவரம்பு, பெட்டி ஒன்றுக்கு 666.67 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு) அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., இவற்றில் எது கூடுதலோ அது. பெட்டி 12 கிலோ என்று வைத்துக்கொண்டால் எடைக் கணக்கில் 24 தான் வரும். எனவே பெட்டிக் கணக்கே பொருந்தும், உங்கள் உண்மையான இழப்பு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். ‘ஒரு கன்டெய்னர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் 4,800 கிலோவுக்கும் சேர்த்து 9,600 எஸ்.டி.ஆரோடு முடிந்திருக்கும். ஏற்றுமதி செய்யும் ஒவ்வொருவரும் ஆவண வரைவைச் சரிபார்க்கும்போது இந்தப் பத்தியை விரல் வைத்துப் படிக்க வேண்டும்.

நங்கூரம்:
நான் சர்வே பணியில் இருப்பவன். ‘இருப்பதாகச் சொல்லப்படுகிறது’ என்ற வரியைக் காட்டித்தான் ஃபார்வர்டர் தப்பிக்கப் பார்ப்பார். ஏனெனில் ஆவணத்தில் ‘கிளீன்’ (குறையில்லை) என்று இருந்தாலும், அது பூட்டிய கன்டெய்னரின் வெளித்தோற்றத்துக்கு மட்டுமே சாட்சி. ஆகவே சர்வே அறிக்கையில் உப்பைக் கண்டறியும் சில்வர் நைட்ரேட் சோதனை செய்யப்பட்டுள்ளதா என்று முதலில் பாருங்கள். ஈரத்தில் கடல்நீரின் உப்பு இருந்தால், கூரையில் துளையோ கதவு ரப்பரில் கிழிசலோ உண்டா என்ற குறிப்போடு சேர்த்துப் பொறுப்பை நிறுவலாம். உப்பு இல்லையென்றால் மழைநீராகவும் இருக்கலாம், கன்டெய்னர் வியர்வையாகவும் (உள்ளே ஈரக்காற்று குளிர்ந்து படியும் நீர்) இருக்கலாம். வியர்வை என்றால் ‘சரக்கின் ஈரம், பெட்டி கட்டியதில் குறை’ என்று வாதிடுவார்கள். அதற்கு எதிராக, நீங்கள் சரக்கை அடுக்கியபோது எடுத்த படங்கள், காலி கன்டெய்னரைச் சோதித்த குறிப்பு, துறைமுக வாயிலில் தந்த கன்டெய்னர் நிலை ரசீது ஆகியவற்றைத் திரட்டுங்கள்.

முத்துநகர்:
இன்னொன்று. ஆவணம் வாங்குபவர் பெயருக்கு மாறியிருந்தால், வழக்குத் தொடுக்கும் உரிமையும் அவரிடம் போயிருக்க வாய்ப்புண்டு. அவரிடமிருந்து உரிமை மாற்றக் கடிதத்தைப் பெறுங்கள், அல்லது அவரையும் வாதியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மனுவைத் தாக்கல் செய்யும் முன்பே இது முடிய வேண்டும்.

நொய்யல்கரை:
மிக்க நன்றி. ஹாம்பர்க்குக்கு இன்றே எழுதுகிறேன். வழக்கறிஞரிடமும் நேரம் கேட்டிருக்கிறேன்.