பொதுத் திறவுகோல் எதைத் திறக்கிறது?

அனைவருக்கும் வணக்கம்.

'கீ' என்னும் ஆங்கிலப் பெயர்ச்சொல் எங்கு வந்தாலும் 'திறவுகோல்' என்றே எழுதிவிடலாம் என்ற முன்மொழிவை இரண்டு நாள்களாக எண்ணிப் பார்த்தேன். ஒரு சொல்லையே பற்றிக்கொண்டால் நம் கலைச்சொல் பட்டியலில் ஒழுங்கு கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒழுங்கு ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு உரியதே தவிர, பொருளுக்கு உரியதன்று. அமெரிக்காவின் புளோரிடாவுக்குத் தெற்கே உள்ள சிறு தீவுகளுக்கும் ஆங்கிலத்தில் 'கீ' என்றுதான் பெயர். அது ஸ்பானிய மொழியின் 'காயோ'விலிருந்து வந்த வேறொரு சொல், பூட்டோடு அதற்கு எந்த உறவும் இல்லை. ஒலி ஒன்றாக இருப்பதால் அவற்றைத் திறவுகோல் தீவுகள் என்று நாம் எழுதப்போவதில்லை.

பேச்சு வழக்கில் இச்சொல்லின் பொருள்களைத் தமிழர் முன்பே பிரித்து வைத்திருக்கின்றனர். பூட்டுக்கு உரியது சாவி. ஈழத்தில் அது திறப்பு. தேர்வுத்தாளுக்கு உரியது விடைக்குறிப்பு. நிலப்படத்தின் ஓரத்தில் இருப்பது குறிவிளக்கம். இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது ஆர்மோனியத்தின் 'கட்டை'. விரலால் அழுத்தும் மரத்துண்டும் கட்டை, பாடகர் தமக்கென வைத்துக்கொள்ளும் சுருதியும் கட்டை. 'ஐந்து கட்டையில் பாடுகிறார்' என்னும்போது கருவியின் உறுப்பே சுருதியின் அளவாகிவிடுகிறது. ஆங்கிலத்திலும் இவ்விரண்டையும் 'கீ' என்றே சொல்கிறார்கள் என்றாலும், எவரும் மொழிபெயர்க்காமலேயே தமிழ் தன் வழியில் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

கணினியின் தட்டுப்பலகையில் 'விசை' நிலைபெற்றுவிட்டது. தட்டச்சுப் பொறியில் அழுத்தம் கொடுத்தால்தான் எழுத்து பதியும் என்பதால் அங்கே அச்சொல் பொருத்தமாகவே அமைந்தது. தொடுதிரையில் விசை ஏதும் தேவைப்படுவதில்லை என்ற போதிலும், பழகிய சொல்லை அதற்காகக் கலைக்க வேண்டியதில்லை. ஆனால் தட்டுப்பலகையில் வென்றது என்பதற்காக செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்கத்துக்கும் அதையே கொண்டுபோய், அங்கே வரும் 'பப்ளிக் கீ'யைப் 'பொது விசை' என்று எழுதினால், இயற்பியல் படித்த மாணவர் அதைப் பொருள்களின் மேல் செயல்படும் விசை என்றே படிப்பார். அவரைக் குறைசொல்ல முடியாது.

நம் விவாதத்தின் முடிச்சு மறையாக்கத்தில்தான் இருக்கிறது. ஒரே சாவியால் பூட்டவும் திறக்கவும் செய்த காலம் வரை 'திறவுகோல்' பாதியளவேனும் பொருந்தியது. 1976ஆம் ஆண்டு மறையாக்க ஆய்வாளர்களான டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் நிலைமை மாறியது. அவர்கள் முன்வைத்த முறையில், உலகுக்கே அறிவித்துவிடும் ஒன்றைக் கொண்டு எவரும் செய்தியைப் பூட்டலாம். அதற்கு இணையாகத் தம்மிடம் மறைத்து வைத்திருக்கும் மற்றொன்றைக் கொண்டு உரியவர் மட்டுமே அதைத் திறக்க முடியும். அப்படியானால், 'பொதுத் திறவுகோல்' என்று நாம் பெயரிட விரும்பும் பொருள் அந்தச் செய்தியைத் திறக்கவே திறக்காது. அதன் வேலை பூட்டுவது. செய்தி உரியவரிடமிருந்தே வந்தது என்று உறுதிசெய்யும் எண்முறைக் கையொப்பத்தில் இன்னும் சிக்கல்: அங்கே மறைவாக இருப்பது ஒப்பமிடுகிறது, பொதுவாக இருப்பது அந்த ஒப்பத்தைச் சரிபார்க்கிறது, இரண்டும் எதையும் திறப்பதில்லை. பாடநூலில் இதைப் படிக்கும் மாணவர் முதல் பக்கத்திலேயே பெயருக்கும் செயலுக்கும் இடையில் அகப்பட்டுக்கொள்வார்.

ஆகவே, மறையாக்கத்துக்குச் 'சாவி' என்பதையே பரிந்துரைக்கிறேன். அது போர்த்துகீசிய மொழியின் 'சாவெ'யிலிருந்து வந்தது என்னும் மறுப்பு வரும் என்று அறிவேன். ஜன்னலும் அலமாரியும் மேசையும் அவ்வழியே வந்தவைதாம். ஆனால் என் வாதம் புழக்கத்தைப் பற்றியது மட்டுமன்று. வேர் வெளியே தெரியாததுதான் இங்கே இச்சொல்லின் தகுதி: 'சாவி' என்று கேட்கும் தமிழர் மனத்தில் திறத்தல் மட்டும் தோன்றுவதில்லை, பூட்டுவதும் சேர்ந்தே தோன்றுகிறது. (பதராய்ப் போன பயிரைக் குறிக்கும் 'சாவி' என்ற தமிழ்ச்சொல் வேறு, குழப்பம் நேரும் இடம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.) ஈழ வழக்கின் 'திறப்பு' இனிய சொல்லேயாயினும், 'பொதுத் திறப்பு' என்றவுடன் திறப்பு விழாவே நினைவுக்கு வருகிறது. மலையாளத்தில் வழங்கும் 'தாக்கோல்', நம் 'தாழ்க்கோல்' ஆகலாம்; தாழ் என்பது அடைப்பதைக் குறிப்பதால் பொருளளவில் அதுவே எல்லாவற்றிலும் நேர்த்தியானது. ஆனால் இன்றைய வாசகருக்கு அதை விளக்கியே பயன்படுத்த வேண்டியிருக்கும் என்பதால் மனமின்றி விலக்குகிறேன்.

தரவுத்தளம் தனி வழக்கு. தரவுகளை அட்டவணைகளாக அமைக்கும் தொடர்புசார் மாதிரியைக் கணினி அறிவியலாளர் காட் 1970இல் முன்வைத்தபோது சொன்ன 'பிரைமரி கீ' எதையும் பூட்டுவதுமில்லை, திறப்பதுமில்லை. அட்டவணையின் பல வரிகளுள் ஒன்றை ஐயமின்றி அடையாளம் காட்டுகிறது, அவ்வளவே. முதலில் 'சுட்டு' என்று எழுதிப் பார்த்தேன். 'சுட்டி' ஏற்கெனவே நிரலில் நினைவக இடத்தைக் காட்டும் பாயின்டருக்கும் கணினி மவுசுக்கும் வழங்குவதால் கைவிட்டேன். இப்போது என் தெரிவு 'முதன்மைக்குறி'. ஓர் அட்டவணையிலிருந்து மற்றோர் அட்டவணையின் வரியைக் காட்டுவது 'அயற்குறி'. பல நெடுவரிசைகள் சேர்ந்து அமைவது 'கூட்டுக்குறி'. ஒரு பெயரையும் அதற்குரிய மதிப்பையும் சேர்த்து வைக்க நிரலாளர் நாள்தோறும் கையாளும் 'கீ-வேல்யூ' இணை 'குறி–மதிப்பு இணை'. தனித்து நிற்கும்போது 'குறி' பல பொருள்களுக்கு இடங்கொடுக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடைமொழியோடு வரும்போது அந்த இடர் பெரிதும் குறைகிறது.

'சாவி'யிலிருந்து எவ்வளவு எளிதாகத் தொடர்கள் பிறக்கின்றன என்பதையும் பாருங்கள்: பொதுச்சாவி, தனிச்சாவி, சாவி நீளம், சாவிப் பரிமாற்றம். கடவுச்சொற்களையும் சாவிகளையும் ஒருசேரக் காக்கும் மென்பொருளுக்கு ஆங்கிலத்தில் 'கீசெயின்' என்கிறார்கள். திறவுகோலை ஏற்றவர்கள் அதற்குப் புதுச்சொல் தேடிக்கொண்டிருக்கையில், 'சாவிக்கொத்து' என்று தமிழில் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம்.