அண்ணா நகரில் 699 ஓட்டு: முன்னாள் சுகாதார அமைச்சர் டாக்டர் எச்.வி. ஹண்டேயைப் பார்த்த, கேட்ட அனுபவங்களைச் சொல்லுங்கள்

மின்ட் தெருக்காரன்
1967 தேர்தலில் எனக்கு 9 வயசு. அப்பா மின்ட் தெருவில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதினார். வீட்டில் அண்ணா படம், வாயில் உதயசூரியன். ஆனால் எங்கள் பார்க் டவுனில் சூரியனுக்கு ஓட்டுப் போட வழியில்லை. தி.மு.க. கூட்டணியில் தொகுதி ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்குப் போய்விட்டது. சின்னம் நட்சத்திரம், வேட்பாளர் டாக்டர் ஹண்டே. "பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ஒழிக" என்ற கட்சிக்கு உடன்பிறப்புகள் சுவரில் நட்சத்திரம் வரைந்தார்கள். சௌகார்பேட்டை வியாபாரிகளுக்கு அது தேன். அப்பாவுக்கு, அண்ணா சொன்னால் சரி. அந்தத் தேர்தலில் அந்தக் கட்சிக்குச் சட்டமன்றத்தில் 20 இடம்.

பிறகு ஹண்டே சபையில் தி.மு.க. அரசை "மூன்றாந்தர அரசு" என்றதும், கலைஞர் எழுந்து "இல்லை, நான்காந்தர அரசு, சூத்திரர்களின் அரசு" என்று, வருண அடுக்கில் நாலாவதாக வைக்கப்பட்டவர்களைச் சொல்லித் திருப்பியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஹண்டே அன்றைக்கு எதைக் குறை சொல்ல எழுந்தார் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. பதிலடி அத்தனை அழகாக அமைந்துவிட்டால் கேள்விக்கு ஆயுள் இல்லை.

அண்ணா நகர் வாக்காளன்
நான் 1980-க்கு வருகிறேன். அந்த வருஷம் பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சியைக் கலைத்தார்கள். ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் தி.மு.க. - இந்திரா கூட்டணி 39-ல் 37 அள்ளியிருந்தது. "எம்.ஜி.ஆர். கதை முடிஞ்சுது" என்று டீக்கடையில் பந்தயம் கட்டாத ஆள் இல்லை. மே மாதம் சட்டமன்றத் தேர்தல். அண்ணா நகரில் கலைஞரை எதிர்த்து அ.தி.மு.க. நிறுத்தியது இந்த ஹண்டேயை. ராஜாஜியின் ஆளை!

நான் கலைஞருக்குத்தான் போட்டேன், மறைக்க ஒன்றுமில்லை. ஜெயித்தார். வித்தியாசம் 699. எங்கள் பிளாக்கில் மதியம் தூங்கிவிட்டு ஓட்டுப் போடப் போகாதவர்களைக் கூட்டினாலே அவ்வளவு வந்திருக்கும். ஜெயித்த கட்சிக்காரர்கள் அன்று வெடி வெடித்தது மாதிரியே எனக்கு ஞாபகம் இல்லை. மாநிலத்தில் மறுபடி ஆட்சியைப் பிடித்த எம்.ஜி.ஆர்., இங்கே தோற்ற ஹண்டேயைக் கூப்பிட்டுச் சுகாதார அமைச்சர் ஆக்கினார்.

ஓய்வுபெற்ற நர்ஸ்
எனக்கு அவர் முகத்தைவிடப் பெயர்தான் பழக்கம். 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அப்பல்லோவில் சேர்ந்த பிறகு, எங்கள் ஹாஸ்டலில் மாநிலச் செய்தி வரும் நேரத்தில் யாரும் பேசக் கூடாது. ரேடியோ பெட்டியைச் சுற்றி 30 பெண்கள். "சுகாதார அமைச்சர் டாக்டர் ஹண்டே" என்று ஆரம்பித்தாலே ஒருத்தி அழத் தொடங்கிவிடுவாள். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்பதே அப்புறம்தான். நவம்பரில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பரில் சிறுநீரக மாற்று. அதற்குள் இந்திரா காந்தியும் போய்விட்டார். அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் வயிற்றில் ஏதோ செய்கிறது.

அதைவிட முக்கியமானது 1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி டாக்டர் நிர்மலாவும் எடுத்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்ததில்தான் இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருப்பது முதலில் தெரிந்தது. மே மாதம் சட்டமன்றத்தில் அதை அறிவித்தவர் ஹண்டே. "நம்ம ஊர்லயா?" என்று யாருமே நம்பவில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் அதுவரை கையுறையைக் கழுவி, காயவைத்து, பவுடர் போட்டு மறுபடி மாட்டிக்கொள்வோம். ஊசியும் கொதிநீரில் போட்டு எடுப்பதுதான். மறுநாள் முதல் ஒவ்வொரு முறை ரத்தம் எடுக்கும்போதும் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்சி எதுவானாலும் டாக்டர் ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தது நல்லதாகப் போயிற்று என்பது என் எண்ணம்.

ஒரு சந்தேகி
எனக்கு ஒட்டாதது ஒன்றுதான். அரசாங்கம் எதிலும் அதிகம் தலையிடக் கூடாது என்ற கட்சியில் வளர்ந்தவர், சத்துணவு போட்ட அரசில் அமைச்சர், 1999-ல் பா.ஜ.க.வில் சேர்ந்தார். கொள்கை மாறியதா, வீடு மாறியதா?

மின்ட் தெருக்காரன்
வீடுதான் இடிந்துவிட்டதே ஐயா. 1972 கடைசியில் ராஜாஜி போனார், 1974-ல் சுதந்திராவும் வேறு கட்சியில் கரைந்தது. எங்கே போவார்? கம்பராமாயணத்தை ஆங்கிலத்தில் எழுதினார், அதுவும் கணக்கில் சேரட்டும்.

விட்டுப்போனது ஒன்று. 1971-ல் சுதந்திரா காமராஜர் பக்கம் போய்விட்டது. தி.மு.க. 184 இடம் வாரிய அந்த அலையிலும் அந்தக் கட்சிக்கு மிஞ்சிய ஆறில் ஒருவர் எங்கள் பார்க் டவுன் ஹண்டே. அப்பா அந்த முறை எதில் குத்தினார் என்று அம்மா பலமுறை கேட்டிருக்கிறாள். "மையைப் பார், போட்டேன்ல" என்று விரலைக் காட்டுவார், அவ்வளவுதான்.